ஆறு மாதத்தில் பிந்தான் 70.3: சைக்கிளை விடுங்கள், முதலில் கடலைப் பேசுவோம்

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான். வயது 38, பொங்கோலில் வீடு, நாள் முழுக்க நாற்காலி வேலை. எட்டு மாதத்துக்கு முன்புதான் நீச்சல் கற்றுக்கொண்டு இப்போது குளத்தில் 1.5 கிலோமீட்டர் நிற்காமல் நீந்துகிறீர்கள். நண்பர்கள் உசுப்பிவிட்டதில் பிந்தான் 70.3 போட்டிக்கு (இந்தோனேசியத் தீவில் நடக்கும் அரை அயர்ன்மேன், அதாவது நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் அடுத்தடுத்துச் செய்யும் டிரையத்லான்) பணம் கட்டியாகிவிட்டது, கையில் ஆறு மாதம் இருக்கிறது, 6,000 சிங்கப்பூர் வெள்ளிக்கு டைம் ட்ரையல் சைக்கிள் (முழங்கையை ஊன்றிக் குனிந்து ஓட்டும் வேகச் சைக்கிள்) வாங்கலாமா, வீட்டில் இருக்கும் ரோடு பைக்கே போதுமா என்று கேட்கிறீர்கள். ஆனால் கடைசியில், போகிறபோக்கில் சொல்வதுபோல, "குளத்தில் முடியாவிட்டால் காலை ஊன்றி நின்றுவிடலாம், கடலில் என்ன செய்வது?" என்று ஒரு வரி. எனக்கென்னவோ நீங்கள் கேட்க வந்ததே அந்த வரிதான் என்று படுகிறது. சைக்கிள் அதன்மேல் போர்த்திய துணி. அதனால் நான் கடலில் இருந்தே தொடங்குகிறேன், சைக்கிளுக்கு அப்புறம் வரலாம்.

என்னைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எதை எவ்வளவு நம்புவது என்று உங்களுக்குத் தெரியாது. 34 வயதில் தெம்பனிஸ் நீச்சல் குளத்தில், ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில் பலகையைப் பிடித்துக் காலடித்துக் கற்றவன் நான். 2012-ல் ஈஸ்ட் கோஸ்ட்டில் 70.3 நடந்தபோது தண்ணீர் கொடுக்கும் மேசையில் தொண்டூழியனாக நின்றேன், அங்கே பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை. இதுவரை 70.3 ஐந்து முறை முடித்திருக்கிறேன், அதில் மூன்று பிந்தானில். ஏழு வருடமாகச் சனிக்கிழமைக் காலைகளில் பெரியவர்களுக்குக் கடல் நீச்சல் பழக்குகிறேன். முழு அயர்ன்மேன் செய்ததில்லை, ஆசையும் இல்லை. நான் மருத்துவன் அல்ல. வேகமான ஆளும் அல்ல, எப்போதும் பின்வரிசைதான். வேகமாக முடிப்பது எப்படி என்று கேட்டிருந்தால் நான் பதிலே எழுதியிருக்க மாட்டேன்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம், பாதி பயம் அதிலேயே இறங்கும். 1.9 கிலோமீட்டர் நீச்சல், 90 கிலோமீட்டர் சைக்கிள், 21.1 கிலோமீட்டர் ஓட்டம். இந்தப் போட்டிகளில் வழக்கமான கட்-ஆஃப் (அதற்குள் முடிக்காவிட்டால் வெளியேற்றிவிடும் நேர எல்லை), நீச்சலுக்கு 1 மணி 10 நிமிடம், சைக்கிள் முடிவதற்குள் தொடக்கத்திலிருந்து 5 மணி 30 நிமிடம், மொத்தம் 8 மணி 30 நிமிடம் (உங்கள் போட்டியின் கையேட்டில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்). அப்படியென்றால் நீச்சலில் 100 மீட்டருக்கு 3 நிமிடம் 40 வினாடி கிடைக்கிறது. 1.5 கிலோமீட்டர் நிற்காமல் போகிற ஆள் இதற்கு உள்ளேதான் நீந்துவார். நீச்சலை 55 நிமிடத்தில் முடித்து, உடை மாற்றி ஹெல்மெட் மாட்ட 8 நிமிடம் போனாலும் சைக்கிளில் மணிக்கு 20 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல் இருந்தால் போதும். ஓட்டத்துக்கு ஏறக்குறைய 2 மணி 50 நிமிடம் மிஞ்சும், கிலோமீட்டருக்கு 8 நிமிடம். முழுக்க நடந்தால் பத்தாது, ஆனால் கொஞ்சம் ஓட்டம் கொஞ்சம் நடை என்று போனால் தாராளமாக வந்துவிடலாம். ஆக, ஆறு மாதம் போதுமா? உங்களுக்கு ஏற்கெனவே ஒரு 10 கிலோமீட்டர் ஓடி முடிக்கிற உடம்பு இருந்தால் போதும் என்று துணிந்து சொல்வேன். அதுவும் இல்லையென்றால் யோசிக்கத்தான் வேண்டும். பொங்கோல் பக்கமே ஒரு 10 கிலோமீட்டர் ஓடிப்பார்த்தால் உங்களுக்கு விடை தெரிந்துவிடும்.

இப்போது கடல். என் முதல் ஒலிம்பிக் தூரப் போட்டி (70.3-ஐவிடச் சிறிய டிரையத்லான், நீச்சல் 1.5 கிலோமீட்டர்) ஈஸ்ட் கோஸ்ட்டில் நடந்தது. குளத்தில் 2 கிலோமீட்டர் நீந்திய தெம்பில் முன்வரிசையில் போய் நின்றேன். ஹார்ன் அடித்த அடுத்த நிமிடம் யாரோ ஒருவருடைய குதிகால் என் நீச்சல் கண்ணாடியில் பட்டு ஒரு பக்கம் தண்ணீர் ஏறிவிட்டது. தலையைத் தூக்கினால் எல்லாப் பக்கமும் கைகள், தலையை இறக்கினால் தே தாரிக் (பால் தேநீர்) நிறத்தில் தண்ணீர், நீட்டிய கையின் விரல்கூடத் தெரியவில்லை. ஒரு 200 மீட்டர் போயிருப்பேன். மூச்சு ஏறுகிறது, இறங்க மாட்டேன் என்கிறது. நெஞ்சைச் சுற்றி யாரோ பட்டை போட்டு இறுக்குவதுபோல இருந்தது. செத்துப்போகப் போகிறேன் என்றே நினைத்தேன், இதில் மிகை ஒன்றும் இல்லை. எப்படியோ காவலுக்கு நின்ற ஒரு கயாக்கை (சிறு துடுப்புப் படகு) பிடித்துத் தொங்கினேன். அதில் இருந்த மலாய்ப் பையன் பதற்றமே இல்லாமல் "பெலான் பெலான், அங்கிள்" என்றான், மெதுவாக மெதுவாக என்று. எனக்கு அப்போது 36 வயது, அங்கிள் என்றது தனி வேதனை. ஆனால் அந்தப் பெலான் பெலான்தான் என்னைக் கரைசேர்த்தது. இரண்டு நிமிடம் தொங்கினேன், பிறகு மார்பு நீச்சலில் கொஞ்சம், மல்லாந்து கொஞ்சம் என்று முடித்தேன். கடைசி ஆளுக்கு முந்தின ஆள்.

கயாக்கைப் பிடித்தால் தகுதி போய்விடும் என்று அப்போது நினைத்திருந்தேன். போகாது. அதைப் பிடித்துக்கொண்டு முன்னால் நகராதவரை ஓய்வெடுக்க விதியிலேயே இடம் உண்டு. கையைத் தூக்கி ஆட்டினால் அவர்களே உங்களிடம் வருவார்கள். கடலில் கால் ஊன்ற முடியாதே என்று கேட்டீர்களே, அங்கே தரை இதுதான். பலருக்கு இந்த ஒரு விதி தெரிந்ததுமே பாதி பதற்றம் போய்விடுவதை வகுப்பில் பார்த்திருக்கிறேன்.

எனக்கு அன்று நடந்ததற்கும் நீச்சல் திறமைக்கும் பெரிய சம்பந்தம் இல்லை. அது மூச்சுக் கோளாறு. பரபரப்பில் வேகமாகத் தொடங்குகிறோம், தண்ணீருக்குள் மூச்சை முழுதாக வெளிவிடாமல் அடக்கிக்கொள்கிறோம், உள்ளே கரியமிலவாயு சேர்கிறது, உடம்பு அதைக் காற்றுப் போதவில்லை என்று படித்துக்கொள்கிறது. உடனே தலையை உயர்த்துகிறோம், தலை ஏறினால் கால் தாழும், கால் தாழ்ந்தால் இன்னும் உழைப்பு, இன்னும் மூச்சு. இந்தச் சுழலை உடைக்க ஒரே வழி வெளிமூச்சு. தண்ணீருக்குள் வாய்விட்டு "ம்ம்ம்" என்று முனகிப் பாருங்கள், முனகும்போது மூச்சை அடக்க முடியாது. அப்படியும் அடங்கவில்லையா, மல்லாந்து படுத்து வானத்தைப் பார்த்துப் பத்து மூச்சு விடுங்கள். உப்புத் தண்ணீர் குளத்துத் தண்ணீரைவிட உங்களை நன்றாகத் தாங்கும், ஒன்றும் செய்யாமல் கிடந்தாலும் மிதப்பீர்கள். நம் பக்கத்துக் கடல் 28, 29 டிகிரி இருக்கும், குளிர்நாட்டுக்காரர்களுக்கு வரும் குளிர் அதிர்ச்சி நமக்கு இல்லை. இந்த வெப்பத்தில் வெட்சூட்டும் (உடம்போடு ஒட்டிய ரப்பர் நீச்சல் உடை) தேவைப்படாது, அதனால் அதற்கும் காசு செலவழிக்காதீர்கள்.

இதைப் பழகுவது எப்படி? குளத்திலேயே தொடங்கலாம். சுவரைத் தொடாமல் ஒரு மீட்டருக்கு முன்பே திரும்புங்கள், நம் எல்லாருக்கும் சுவர்தான் ஒளித்துவைத்த ஊன்றுகோல். ஒரே தடத்தில் மூன்று பேர் இடித்துக்கொண்டு நீந்துங்கள். வேண்டுமென்றே கண்ணாடியில் தண்ணீரை நிரப்பிக்கொண்டு 50 மீட்டர் போங்கள். முதல் 100 மீட்டரை யாரோ துரத்துவதுபோல நீந்திவிட்டு, நிற்காமல், நீந்தியபடியே மூச்சு வாங்குவதைத் தணித்துக்கொண்டுவரப் பழகுங்கள், போட்டியில் நடப்பது அதேதான். இரண்டாவது மாதத்தில் இருந்து வாரம் ஒரு தடவை செந்தோசாக் கடற்கரைக்குப் போங்கள், இடுப்பில் கட்டும் ஆரஞ்சு மிதவையோடு, துணைக்கு ஆளோடு. தனியாக ஒருநாளும் வேண்டாம், இதில் பேரமே கிடையாது. ஆறு அல்லது எட்டு வீச்சுக்கு ஒருமுறை முதலை மாதிரி கண்ணை மட்டும் தண்ணீருக்கு மேல் கொண்டுவந்து, போட்டிப் பாதையைக் காட்டும் மிதவையைப் பார்ப்பதுபோல முன்னால் பார்க்கப் பழகுங்கள், இல்லாவிட்டால் வளைந்து வளைந்து போய் 1.9 கிலோமீட்டர் 2.2 ஆகிவிடும். போட்டியன்று, வரிசையாகச் சிலர் சிலராக இறக்கிவிடுகிற முறை என்றால், உங்கள் நேரத்துக்குரிய கூட்டத்தின் கடைசியில், ஓரமாக நில்லுங்கள். முன்னால் நின்று கிடைக்கும் அரை நிமிடத்துக்கு நான் கொடுத்த விலையை மேலே சொல்லிவிட்டேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் ஆறுதல் வார்த்தை சொல்ல மாட்டேன். அமெரிக்காவில் 1985 முதல் 2016 வரை நடந்த டிரையத்லான்களில் மரணமும் திடீர் இதயநிறுத்தமுமாக 135 பதிவாகின, அதில் 90 நீச்சலின்போது. 2006 முதல் 2016 வரையிலான விகிதமாகப் பார்த்தால் 1,00,000 போட்டியாளருக்கு 1.74, சின்ன எண்தான். ஆனால் பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் ஆண்கள், நடுவயதுக்காரர்களுக்கு ஆபத்து கூடுதல், சிலருக்குத் தமக்கே தெரியாத இதயநோய் இருந்தது. நம் குடும்பங்களில் சர்க்கரையும் இதயநோயும் எவ்வளவு சகஜம் என்று உங்களுக்கே தெரியும். ஆகவே பயிற்சியைக் கூட்டுவதற்கு முன்பு ஒரு மருத்துவரைப் பாருங்கள், அப்பா வழியிலோ அம்மா வழியிலோ யாராவது 50-க்குள் மாரடைப்பில் போயிருந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். பதற்றத்தால் வரும் நெஞ்சிறுக்கம் மல்லாந்து படுத்தால் பெரும்பாலும் இறங்கும். இறங்கவில்லை, இருமலோடு நுரை வருகிறது, தலை சுற்றுகிறது என்றால் அன்றைய போட்டி அங்கேயே முடிந்தது என்று கையைத் தூக்கிவிடுங்கள். எது எந்த வலி என்று அலைக்கு நடுவில் நீங்களோ நானோ தீர்மானிக்க முடியாது.

சரி, சைக்கிள். வாங்காதீர்கள். சமதரையில் உங்களைத் தடுப்பதில் பெரும்பங்கு காற்று, அந்தக் காற்று மோதுவதில் பெரும்பங்கு உங்கள் உடம்பின்மேல், சைக்கிள் சட்டத்தின்மேல் அல்ல. இருக்கிற ரோடு பைக்கில் ஒரு ஏரோபார் (முழங்கையை ஊன்றிக் குனிந்து பிடிக்கும் கைப்பிடி) மாட்டி, உட்காரும் அளவைத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்துச் சரிசெய்தால் 300, 400 வெள்ளியில் வேலை முடிந்துவிடும். மேலும், டைம் ட்ரையல் சைக்கிளில் முழங்கை ஊன்றிய நிலையில் பிரேக் கைக்கெட்டாது. சிங்கப்பூர்ச் சாலையில், பேருந்துக்கும் லாரிக்கும் நடுவே அதை ஓட்டிப் பழகுவது புதியவருக்கு நல்லதில்லை. மீதிப் பணத்துக்குப் பதிலாக இரண்டு திறமை சம்பாதியுங்கள், டியூப் மாற்றுவதும் மேடு ஏறுவதும். பிந்தான் பாதை ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும், நம் ஈஸ்ட் கோஸ்ட் மாதிரி தட்டை இல்லை. மவுண்ட் ஃபேபரும் சவுத் புவன விஸ்தாவும் இருக்கின்றன, அலுக்க அலுக்க ஏறுங்கள். கூட்டமாகப் போனால் 2022-ல் வந்த விதி நினைவிருக்கட்டும், ஒற்றை வரிசையில் 5 பேர், இணையாகப் போனால் 10 பேர், அதற்கு மேல் கூடாது. இன்னொன்று, ஒலிம்பிக்கில் ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டிக்கொண்டு போவதைப் பார்த்திருப்பீர்கள், நம்மைப் போன்றவர்களுக்கு அது குற்றம். முன்னால் போகிற சைக்கிளுக்கும் உங்களுக்கும் 12 மீட்டர் இடைவெளி வேண்டும், மீறினால் 5 நிமிடம் கூடாரத்தில் நிறுத்திவைப்பார்கள். ஹெல்மெட் கொக்கியை மாட்டிய பிறகுதான் சைக்கிளைத் தொட வேண்டும் என்பதையும் வீட்டிலேயே பழகிவிடுங்கள், பதற்றத்தில் மறக்கிற முதல் விஷயம் அது.

கடலுக்கு அடுத்து நான் உங்களைப் பயமுறுத்த விரும்புவது வெயில்தான். நாம் இங்கேயே பிறந்தவர்கள், நமக்கென்ன வெயில் என்று எல்லாரும் சொல்வார்கள். நாம் வெயிலில் எங்கே வாழ்கிறோம்? குளிரூட்டிய படுக்கையறை, குளிரூட்டிய எம்ஆர்டி, குளிரூட்டிய அலுவலகம். உடம்பு வெப்பத்துக்குப் பழக உண்மையிலேயே சூட்டில் உழைக்க வேண்டும், அதற்கு 10 முதல் 14 நாள் தொடர்ந்து பிடிக்கும், அதற்குள் ரத்தத்தின் நீர்ப்பங்கு கூடும், வியர்வை சீக்கிரம் தொடங்கும். இது உறுதியாகத் தெரிந்த விஷயம். அதனால் போட்டிக்கு முந்தைய ஒரு மாதம் உங்கள் நீண்ட ஓட்டத்தைக் காலை ஐந்தரைக்கு வைக்காதீர்கள், ஒன்பதரைக்கு வையுங்கள். போட்டியன்று நீங்கள் ஓடத் தொடங்குவது ஏறக்குறைய உச்சி வெயிலில்தான். இங்கே ஈரப்பதத்தில் வியர்வை வழிந்து கீழே விழுகிறதே தவிர ஆவியாவது குறைவு, ஆவியாகாத வியர்வை குளிர்ச்சி தராது. 2016-ல் மெக்சிகோவின் கொசுமெலில் டிரையத்லான் உலகத் தொடரின் கடைசிப் போட்டியில் முன்னால் ஓடிக்கொண்டிருந்த ஜோனி பிரவுன்லி கடைசி சில நூறு மீட்டரில் வெயிலில் தள்ளாட, அண்ணன் அலிஸ்டர் அவரைத் தோளில் தாங்கிக்கொண்டு போய் எல்லைக்கோட்டில் தள்ளிவிட்டார். ஒலிம்பிக் பதக்கக்காரருக்கே அந்தக் கதி. ஒவ்வொரு தண்ணீர் மேசையிலும் குடிப்பதற்கு முன்னால் தலையில் ஊற்றுங்கள், ஐஸ் கொடுத்தால் தொப்பிக்குள் போட்டுக்கொள்ளுங்கள்.

எவ்வளவு குடிப்பது? ஒரு மணி நேரப் பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள், குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறக்குறைய ஒரு லிட்டர் வியர்வை, நடுவில் குடித்ததையும் அதோடு கூட்டிக்கொள்ளுங்கள். அந்தக் கணக்குக்குக் கொஞ்சம் குறைவாகக் குடித்தால் போதும். பயந்துபோய் வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடிப்பதும் ஆபத்து, ரத்தத்தில் சோடியம் இறங்கி மயங்கி விழுந்தவர்கள் உண்டு. சாப்பாடு மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து, குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் கலந்ததைக் குடல் ஏற்கப் பழகினால் 90 வரை போகலாம். பழகுவது என்ற சொல்லை அழுத்திச் சொல்கிறேன். நான் ஒரு தடவை ஜெல் (பிழிந்து விழுங்கும் மாவுச்சத்துக் கூழ்) எல்லாம் வெள்ளைக்காரன் சமாச்சாரம் என்று தேக்காவில் எள்ளுருண்டை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். 30-வது கிலோமீட்டரில் ஒன்றை வாயில் போட்டால் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, மெல்லவும் முடியவில்லை, மூச்சு வாங்கவும் முடியவில்லை, துப்பவும் மனசில்லை. வாழைப்பழமும் ஜெல்லும் போதும், ஆராய்ச்சியைப் பயிற்சி நாளில் வைத்துக்கொள்ளுங்கள்.

தெளிவில்லாத விஷயங்களும் உண்டு. தசைப்பிடிப்புக்கு உப்பு மாத்திரை என்று கடையில் உறுதியாகச் சொல்வார்கள், ஆனால் பிடிப்பு உப்புக் குறைவால் வருகிறதா, பழக்கமில்லாத அளவுக்குத் தசை சோர்வதால் வருகிறதா என்பதில் ஆய்வாளர்களே ஒத்துப்போகவில்லை, சோர்வின் பக்கம்தான் சான்று கூடுதலாக இருப்பதாக எனக்குப் படுகிறது. நான் மாத்திரை எடுத்துக்கொள்கிறேன், நம்பிக்கை பாதி, பழக்கம் பாதி. இறுக்கமான காலுறை, ஒட்டுப்பட்டை வகையறாக்களும் இதே கணக்கில்தான். சைக்கிளில் இருந்து இறங்கியவுடன் ஓடிப் பழகுகிற 'பிரிக்' பயிற்சியை வாரம் ஒருமுறை செய்யச் சொல்வேன். அதனால் கால் உண்மையிலேயே சீக்கிரம் பழகுகிறதா, அந்த மரக்கட்டைக் கால் உணர்வு 10, 15 நிமிடத்தில் தானாகவே போய்விடும் என்று மனசுக்குத் தெரிந்துவிடுகிறதா, என் அனுபவத்தை வைத்து என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. எப்படியானாலும் பலன் ஒன்றுதான்.

அன்றைக்கு எப்படி இருக்கும் என்றும் கேட்டிருந்தீர்கள். சைக்கிளில் கிராமங்கள் வழியாகப் போகும்போது பள்ளிப் பிள்ளைகள் சீருடையோடு சாலையோரம் நின்று கையை நீட்டுவார்கள், மேட்டில் மூச்சு வாங்கினாலும் தட்டாமல் போக மனசு வராது. ஓட்டத்தில் பன்னிரண்டாவது கிலோமீட்டர்வாக்கில் எதற்கு வந்தோம் என்று தோன்றும், தோன்றாதவரை நான் பார்த்ததில்லை. அந்த இடத்தில் எனக்கு எப்போதும் அம்மா ஞாபகம்தான் வரும். "தைப்பூசத்துக்குக் காவடி எடுத்தா அது வேண்டுதல், நீ எந்தச் சாமிக்கடா காசு கட்டி இப்படி வேகிறே?" என்று கேட்டார். இன்னும் பதில் சொல்லவில்லை. அங்கே நடங்கள், தப்பே இல்லை. ஒரு விளக்குக் கம்பம்வரை நடை, அடுத்த இரண்டு கம்பம்வரை ஓட்டம் என்று வைத்துக்கொண்டால் மேலே சொன்ன 8 நிமிடக் கணக்கு உடையாது.

கடைசியாக ஒரு சில்லறை விஷயம். தானா மேராவிலிருந்து ஃபெர்ரியில் ஏறுவதற்கு முன்பே சைக்கிளுக்கும் இடம் பதிவுசெய்துவிடுங்கள், போட்டி வாரத்தில் நெரிசல் அதிகம். பிந்தானில் கடிகாரம் நம்மைவிட ஒரு மணி நேரம் பின்னால். நான் முதல் தடவை போனபோது கைக்கடிகாரத்தைச் சிங்கப்பூர் நேரத்திலேயே விட்டுவிட்டு, அறைத்தோழரையும் உலுக்கி எழுப்பி, கோப்பி போட்டுக் குடித்து, உடம்பெல்லாம் வாசலின் தடவி முடித்துவிட்டு ஜன்னலைத் திறந்தால் வெளியே ஒரு ஈ காக்கை இல்லை. அங்கே அப்போது மணி இரண்டரை.